முதல் பாட்டிலேயே முதலிடம்: ஒரு கன்ட்ரி இசைக்குழுவின் அறிமுக சிங்கிள்

1991 ஜூன் மாதம், அமெரிக்கக் கிராமப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. டைமண்ட் ரியோ என்ற ஆறு பேர் குழு, தான் வெளியிட்ட முதல் பாட்டையே பில்போர்டு என்ற இசைத்தொழில் பத்திரிகை வாராவாரம் போடும் கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. பாட்டின் பெயர் 'மீட் இன் த மிடில்'. பில்போர்டு இந்த வகைப் பாட்டுகளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தது 1944இல். இடைப்பட்ட காலத்தில் தனியாகப் பாடுகிறவர்கள் சிலர் முதல் பாட்டிலேயே முதலிடம் பிடித்திருக்கிறார்கள். ஓர் இசைக்குழு அதைச் செய்ய 47 ஆண்டுகள் ஆயின.

ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால், அறிமுக சிங்கிள் என்பது என்ன, அது யாரால், எப்படி உருவாகிறது, அதற்கு ஏன் இத்தனை கனம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும். கன்ட்ரி இசையை இதுவரை கேட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடுகிற இந்த ஒரு பாட்டு போதும்.

சிங்கிள் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு பாட்டைத் தனியாக எடுத்து, இதைக் கேளுங்கள், இதை ஒலிபரப்புங்கள் என்று வெளியே விடுவதுதான் சிங்கிள். 1949இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் ஏழு அங்குல இசைத்தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் அந்தச் சின்னத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான் இருக்கும். முன்பக்கத்தில் நிறுவனம் நம்புகிற பாட்டு, பின்பக்கத்தில் துணைப் பாட்டு. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளும் வானொலி நிலையங்களும் இந்தத் தட்டுகளை வைத்தே ஓடின. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, தட்டே இல்லாத காலமும் வந்துவிட்டது. ஆனால் பத்துப் பாட்டில் ஒன்றைத் தேர்ந்து முன்னால் நிறுத்தும் வழக்கம் மட்டும் மாறவில்லை. நம்மூர் சினிமாவில் 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று விடுகிறார்களே, அதில் பாட்டுக்குப் பின்னால் ஒரு படமும் ஒரு நடிகரும் ஏற்கெனவே நிற்கிறார்கள். கன்ட்ரி குழுவின் அறிமுக சிங்கிளுக்குப் பின்னால் அப்படி எதுவும் கிடையாது. கேட்பவருக்குக் குழுவின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. காரில் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் ரேடியோ நிலையத்தை மாற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சில விநாடியில் வேலை நடந்துவிட வேண்டும்.

'அறிமுகம்' என்ற கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குழு முதன்முதலில் பதிவு செய்த பாட்டும், அதன் அறிமுக சிங்கிள் என்று சொல்லப்படுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அலபாமா குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சிஏ நிறுவனத்தில் சேர்ந்ததும் அவர்கள் 1980இல் வெளியிட்ட 'டென்னஸி ரிவர்' நேரே முதலிடத்துக்குப் போனது. ஆனால் 1977இலேயே ஜிஆர்டி என்ற சிறிய நிறுவனத்தில் அவர்கள் ஒரு சிங்கிள் வெளியிட்டிருந்தார்கள். அது பட்டியலின் அடிமட்டத்தில், 78ஆம் இடத்தோடு நின்றுபோனது. ஆகவே 'டென்னஸி ரிவர்' பெரிய நிறுவனத்தில் அவர்களுக்கு அறிமுகமே தவிர, முதல் சிங்கிள் அல்ல. ஸாக் பிரவுன் பேண்டின் 'சிக்கன் ஃப்ரைட்' கதை இன்னும் வளைந்து வளைந்து போகும். 2005இல் அவர்களுடைய சொந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டு இருந்தது. அடுத்த ஆண்டு தி லாஸ்ட் டிரெய்லர்ஸ் என்ற வேறொரு குழு அதைப் பதிவு செய்து சிங்கிளாக வெளியிட்டது. பாட்டு பட்டியலில் ஏற ஆரம்பித்த நேரத்தில், பாட்டைத் தன் குழுவுக்கே வைத்துக்கொள்ள ஸாக் பிரவுன் விரும்பியதால் அது திரும்பப் பெறப்பட்டது. பிறகு அவருடைய குழுவே அதை மறுபடி பதிவு செய்து 2008இல் வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் முதலிடம். பழைய பாட்டு, இரண்டாம் பதிவு, ஆனாலும் நாடு முழுக்க அவர்களை அறிமுகம் செய்தது அதுதான்.

டைமண்ட் ரியோவின் கதையில் இப்படிப்பட்ட குழப்பம் இல்லை. அந்தப் பெயரில் அவர்கள் வெளியிட்ட முதல் சிங்கிள் 'மீட் இன் த மிடில்', முதலிடம் பிடித்ததும் அதுவே.

குழுக்களுக்கு ஏன் கதவு திறக்கவில்லை

கன்ட்ரி இசையின் தலைநகரம் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில். 1925இல் அங்கே டபிள்யூஎஸ்எம் வானொலி தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களும் பாட்டுப் பதிப்பாளர்களின் அலுவலகங்களும் மியூசிக் ரோ என்ற வட்டாரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வளர்ந்த தொழில்முறை தனிப் பாடகரை நடுவில் வைத்து உருவானது. ஒரு குரல், ஒரு முகம், ஒரு தொப்பி. அவரோடு மேடையில் வாசிக்கும் குழுவுக்குப் பெயர் இருந்தாலும், இசைத்தட்டில் வாசிப்பது பெரும்பாலும் வேறு ஆட்கள்.

இந்த 'வேறு ஆட்கள்' யார் என்பது தெரிந்தால்தான் 1991இல் நடந்ததன் அருமை தெரியும். இவர்களைச் செஷன் இசைஞர்கள் என்பார்கள். ஒரு செஷன் என்பது மூன்று மணி நேரம். அதற்குள் இரண்டு மூன்று பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவி நாஷ்வில் எண் முறை. 1950களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற குரல் குழுவின் பாடகர் நீல் மேத்யூஸ் இதை உருவாக்கினார், சார்லி மெக்காய் போன்ற செஷன் இசைஞர்கள் வளர்த்தெடுத்தார்கள். சேர்ந்து ஒலிக்கும் சுரக்கோவைகளின் (கார்டுகளின்) பெயரை எழுதாமல் ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்களாகத் தாளில் குறித்துவிடுவது. பாடகரின் தொண்டைக்குச் சுருதி ஒத்துவரவில்லை என்றால் சுருதியை மாற்றிக்கொள்ளலாம், தாளை மாற்ற வேண்டியதில்லை. எல்லாரும் அதே எண்களைப் பார்த்துப் புதிய சுருதியில் வாசித்துவிடுவார்கள். காலையில் ஒருவருக்கு, மத்தியானம் இன்னொருவருக்கு என்று வாசித்த கை அது. வேகம் இருந்தது, பிழை இல்லை, செலவும் கட்டுக்குள் இருந்தது.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. அப்படியிருக்க, நான்கு, ஐந்து, ஆறு பேர் சேர்ந்து வந்து 'நாங்களே வாசிப்போம்' என்று சொன்னால் யார் உற்சாகப்படுவார்கள்? பல குரல் குழுக்கள் இருந்தன. ஸ்டேட்லர் பிரதர்ஸ், ஓக் ரிட்ஜ் பாய்ஸ் இருவரும் பெரிய பெயர்கள். ஆனால் அவர்கள் பாடகர்கள். தாங்களே பாடி, தாங்களே எல்லா வாத்தியமும் வாசிக்கிற குழுவைப் பெரிய நிறுவனங்கள் நம்பிக்கையோடு பார்க்க ஆரம்பித்ததே 1980களில் அலபாமா தொடர்ந்து வென்ற பிறகுதான்.

டைமண்ட் ரியோ வைத்த நிபந்தனை இங்கேதான் முக்கியமாகிறது. எங்கள் ஆல்பங்களில் பாடுவதும் வாசிப்பதும் நாங்கள் ஆறு பேர் மட்டுமே, வெளியாட்கள் வேண்டாம் என்றார்கள். பெயர் தெரியாத ஒரு புதிய குழு இப்படிக் கேட்பது துணிச்சல்தான். அதை ஒப்புக்கொண்டவர் அரிஸ்டா நாஷ்வில் நிறுவனத்தின் தலைவர் டிம் டுபாய்ஸ். கணக்கியல் படித்து, கல்லூரியில் பாடமும் எடுத்துவிட்டுப் பாட்டெழுத வந்தவர். 1989இல் தொடங்கிய இளம் நிறுவனம் அது. மான்டி பவலும் அவரும் சேர்ந்து டைமண்ட் ரியோவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தார்கள்.

தண்ணீர்ச் சவாரிக்காகப் பிறந்த குழு

அறிமுகம் என்றதும் அவர்கள் நேற்றுக் கூடிய இளைஞர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாஷ்வில்லில் ஆப்ரிலேண்ட் யுஎஸ்ஏ என்றொரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. 1982இல் அங்கே புதிதாக ஒரு தண்ணீர்ச் சவாரி திறந்தார்கள். அதற்கு விளம்பரமாகப் பாட ஒரு குழுவைத் திரட்டினார்கள். சவாரியின் பெயரை ஒட்டியே கிரிஸ்லி ரிவர் பாய்ஸ் என்று அதற்குப் பெயர். பிறகு டென்னஸி ரிவர் பாய்ஸ் ஆனது. பூங்காவுக்கு வரும் கூட்டத்துக்கு நாளுக்குப் பல தடவை வாசிப்பதுதான் வேலை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆரம்பத்தில் இருந்து விலகியவர்களில் டை ஹெர்ண்டனும் ஒருவர். அவர் தனியாகப் போய் 1995இல் வெளியிட்ட அறிமுக சிங்கிள் 'வாட் மேட்டர்ட் மோஸ்ட்'. அதுவும் முதலிடம் பிடித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒரு தகவல்.

1980களின் கடைசிக்குள் நிலையான ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முன்னணிப் பாடகர் மார்ட்டி ரோ. கிதார் ஜிம்மி ஒலாண்டர். மாண்டலினும் உச்சஸ்தாயிக் குரலும் ஜீன் ஜான்சன். பேஸ் கிதாரும் கீழ்க்குரலும் டேனா வில்லியம்ஸ். பியானோ டான் ட்ரூமன், டிரம்ஸ் பிரையன் பிரவுட். இவர்களில் ஜான்சனும் வில்லியம்ஸும் புளூகிராஸ் மரபிலிருந்து வந்தவர்கள். புளூகிராஸ் என்பது மின்சார வாத்தியம் இல்லாமல், மாண்டலின், பேஞ்சோ, ஃபிடில் வைத்து, அதிவேகமாக வாசிக்கிற, குரல்கள் இழையோடு இழை சேர்கிற மலைநாட்டு இசை. அந்த உலகில் புகழ்பெற்ற ஆஸ்போர்ன் சகோதரர்களுக்கு வில்லியம்ஸ் மருமகன் முறை. ட்ரூமன் முறையாகப் பியானோ கற்றவர்.

இசைத்தட்டு வெளியிடும் நேரத்தில் புதுப் பெயர் தேடினார்கள். டைமண்ட் ரியோ என்பது லாரி தயாரித்த ஒரு நிறுவனத்தின் பெயர். 1967இல் டைமண்ட் டி, ரியோ என்ற இரண்டு லாரி நிறுவனங்களை இணைத்து உருவாக்கப்பட்டது அது. குழு அதை எடுத்துக்கொண்டபோது ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது. மாறியபடியே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பழைய கதையை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறிமுக சிங்கிள் என்பது குழு செய்கிற முதல் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பல வருட உழைப்பின் கடைசிப் படி. கேட்கிறவர்களுக்குத்தான் அது முதல். 'மீட் இன் த மிடில்' வந்தபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆறு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்திருந்தார்கள். செஷன் இசைஞர்கள் வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்கு அதுதான் அடிப்படை.

எழுநூறு வேலிக்கால்கள்

பாட்டை எழுதியவர்கள் குழுவினர் அல்ல. சேப்பின் ஹார்ட்ஃபர்ட், ஜிம் ஃபாஸ்டர், டான் ஃப்ரிம்மர் என்ற மூவர். நாஷ்வில்லில் இது சாதாரணம். பாட்டெழுதுவதே தொழிலாகக் கொண்டவர்கள் இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள். மாதிரிப் பதிவு ஒன்று தயாராகும். பதிப்பாளர் அதைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் போவார். ஒரு குழு அறிமுகமாகும்போது அதற்குச் சொந்தப் பாட்டு இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தனக்குப் பொருந்துகிற பாட்டைக் கண்டுபிடிக்கிற காது இருக்க வேண்டும்.

கதை இதுதான். கிராமப்புறத்தில் இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் ஒரு பையன், இன்னொன்றில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் கார் ஓட்டும் வயது வரவில்லை. வீடுகளுக்கு இடையே எழுநூறு வேலிக்கால்கள். பத்தடிக்கு ஒரு கால் என்று வைத்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். இவன் அங்கிருந்து நடக்கத் தொடங்குவான், அவள் இங்கிருந்து. நடுவில் ஒரு பைன் மரத்தடியில் சந்திப்பார்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாமல் வேலிக்காலில் சொன்னதைக் கவனியுங்கள். ஒவ்வொரு காலாக எண்ணிக்கொண்டு போகிற சிறுவனின் கண் அது. இரண்டு வீடும் பண்ணை வீடு என்பதை எங்கும் தனியாகச் சொல்லவில்லை. வேலிக்காலே சொல்லிவிடுகிறது. கன்ட்ரி பாட்டு எழுதுகிறவர்களின் முதல் பாடம் இது: தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை முதல் வரியிலேயே கையில் கொடுத்துவிடு.

பல்லவிக்கு அப்புறம் வருடங்கள் ஓடிவிடுகின்றன. அதே மரத்தடியில் அவர்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருடம் முடியப்போகிறது. மரம் இப்போது அவர்களுடைய வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு வருகிறது. என்ன செய்யலாம்? இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுவில் சந்திக்கலாம். பல்லவி மறுபடி வருகிறது. வார்த்தைகள் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பொருள் மாறிவிட்டது. முதல் தடவை அது நடந்த தூரம். இரண்டாம் தடவை அது மனத்தாங்கலின் தூரம்.

நாஷ்வில் பாட்டெழுத்தின் நுட்பங்களில் எனக்கு மிகவும் உயர்வாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான். திரும்பத் திரும்ப வரும் வரியை ஹுக் என்பார்கள், தூண்டில் முள். ஒவ்வொரு சரணமும் அந்த வரிக்குக் கீழே இருக்கிற தரையை மாற்ற வேண்டும். நல்ல பாட்டில் பல்லவி கதையை நிறுத்தி வைப்பதில்லை, முன்னே தள்ளுகிறது. அறிமுக சிங்கிளுக்கு இப்படிப்பட்ட பாட்டு கிடைப்பது பெரும் அதிர்ஷ்டம். ஒரே தடவை கேட்ட ஆளுக்கும் கதை முழுதாகப் புரிந்துவிடும். பத்தாவது தடவை கேட்பவருக்கும் சலிக்காது.

இந்தப் பாட்டு இந்தக் குழுவுக்கு ஏன் இவ்வளவு ஒட்டிப்போனது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. விட்டுக்கொடுத்துச் சேர்வதைப் பற்றிய பாட்டை மூன்று குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. சரணங்களில் மார்ட்டி ரோ தனியாகக் கதை சொல்கிறார். பல்லவி வந்ததும் அவருக்கு மேலே ஜான்சனின் குரலும் கீழே வில்லியம்ஸின் குரலும் சேர்கின்றன. மூன்றில் எதுவும் மற்றதை அமுக்கவில்லை. புளூகிராஸ் பாடிப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. உயிரெழுத்தைத் திறக்கிற விதம், வார்த்தையை முடிக்கிற நேரம் எல்லாம் மூவரிடமும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் ஒலாண்டரின் கிதார். டெலிகாஸ்டர் வகைக் கிதாரில் பி-பெண்டர் என்ற ஒரு பொறியைப் பொருத்தி வாசிப்பவர் அவர். 1960களின் பிற்பகுதியில் கிளாரன்ஸ் ஒயிட், ஜீன் பார்சன்ஸ் என்ற இரு இசைஞர்கள் கண்டுபிடித்தது. கிதாரின் தோள்வாரை ஒரு நெம்புகோலோடு இணைத்திருப்பார்கள். வாசிக்கிறவர் கிதாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் வார் இழுபடும். உள்ளே இருக்கும் நெம்புகோல் இரண்டாவது தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம் மேலே ஏற்றும். மற்ற தந்திகள் அசையாது. கால்மிதிகளை அழுத்தி வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிதாரில் ஒரு சுரம் வழுக்கிக்கொண்டு ஏறுமே, அந்த ஏக்கமான ஒலி இப்படிச் சாதாரணக் கிதாரிலேயே கிடைத்துவிடுகிறது. செஷன் இசைஞர் யாராவது வாசித்திருந்தால் பாட்டு நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் ரேடியோவில் ஐந்தாவது பாட்டு வரும்போது 'இது டைமண்ட் ரியோ கிதார்' என்று பெயர் சொல்லும்படி இருந்திருக்காது. அறிமுக சிங்கிளின் உண்மையான வேலை இந்த அடையாளத்தை நட்டுவிடுவதுதான்.

ரேடியோ ஏணி

பாட்டு வெளியானது 1991 பிப்ரவரியில். முதலிடம் வந்தது ஜூனில். நான்கு மாதம். இன்றைக்குப் பல கன்ட்ரி சிங்கிள்கள் மேலே ஏற ஓராண்டுகூட எடுத்துக்கொள்கின்றன. கன்ட்ரி வானொலி எப்போதும் மெதுவாகவே அசையும். நிறுவனத்தின் விளம்பர ஆட்கள் ஒவ்வொரு நிலையமாகப் போய், எந்தப் பாட்டு ஒலிபரப்பாக வேண்டும் என்று முடிவு செய்கிறவரிடம் பேசுவார்கள். புதுக் குழு என்றால் அவர்களையே கூட்டிக்கொண்டு போய், நிலையத்தின் கூட்ட அறையில் வாசிக்க வைப்பதும் உண்டு. ஒரு நிலையம் முதலில் இரவு நேரத்தில் போட்டுப் பார்க்கும். நேயர்கள் கேட்டு எழுதினால் பகலுக்கு மாற்றும். பக்கத்து ஊர் நிலையம் அதைப் பார்த்துத் தானும் சேர்க்கும்.

பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் அப்போதுதான் மாறியிருந்தது. அதற்கு முன் நிலையங்கள் தாங்களே 'இந்த வாரம் இவற்றை ஒலிபரப்புகிறோம்' என்று பத்திரிகைக்குத் தெரிவிக்கும். 1990 தொடக்கத்திலிருந்து பில்போர்டின் கன்ட்ரி பட்டியல், ஒலிபரப்பைக் கணினியே கேட்டுப் பாட்டை அடையாளம் கண்டு எண்ணும் முறைக்கு மாறியது. ஆக 1991இல் முதலிடம் என்றால், நாடு முழுக்க நிலையங்கள் உண்மையிலேயே அந்தப் பாட்டை அத்தனை தடவை ஒலிபரப்பின என்று பொருள். பாட்டு இரண்டு வாரம் உச்சியில் இருந்தது. 2012 அக்டோபருக்குப் பிறகு விற்பனையும் இணையத்தில் கேட்கப்படுவதும் கணக்கில் சேர்ந்துவிட்டன. வானொலிக்கு மட்டும் தனிப் பட்டியல் வந்துவிட்டது. அதனால் பழைய முதலிடத்தையும் புதிய முதலிடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

ஆல்பம் எப்போது வந்தது தெரியுமா? மே மாதக் கடைசியில். சிங்கிள் மேலே ஏறி உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தபோது. இது தற்செயல் அல்ல. முதலில் ஒரே ஒரு பாட்டை அனுப்பி ஆழம் பார்ப்பார்கள். அது பிடித்துக்கொண்டால்தான் முழு ஆல்பத்துக்கும் செலவு செய்வார்கள். பிடிக்காவிட்டால் பதிவான மற்ற பாட்டுகள் அலமாரியிலேயே கிடக்கும். நாஷ்வில்லில் அப்படி வெளிவராத ஆல்பங்கள் எத்தனையோ.

முதல் சிங்கிள் சறுக்கினால் எல்லாம் போச்சு என்றும் நினைக்க வேண்டாம். அதே அரிஸ்டா நாஷ்வில் முதலில் சேர்த்துக்கொண்ட பாடகர் ஆலன் ஜாக்ஸன். 1989இல் வந்த அவருடைய முதல் சிங்கிள் 45ஆம் இடத்தைத் தாண்டவில்லை. நிறுவனம் பொறுத்துக்கொண்டு அடுத்ததை வெளியிட்டது, அது மூன்றாம் இடம் வரை போனது, அவர் கன்ட்ரி இசையின் தூண்களில் ஒருவரானார். மறுபக்கம் ஹார்ட்லேண்ட் குழு. 2006இல் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து 'ஐ லவ்ட் ஹர் ஃபர்ஸ்ட்' என்ற அறிமுக சிங்கிளை வெளியிட்டு முதலிடம் பிடித்தார்கள். மகளின் கல்யாணத்தன்று அப்பா பாடுகிற பாட்டு. அமெரிக்கத் திருமண வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. குழு அந்த உயரத்தை மறுபடி எட்டவில்லை.

டைமண்ட் ரியோ இந்த இரண்டுக்கும் நடுவே போனது. முதல் ஆல்பத்திலிருந்து ஐந்து சிங்கிள்கள் வந்தன. ஐந்தும் முதல் பத்து இடங்களுக்குள். ஆல்பம் பத்து லட்சம் பிரதி விற்று பிளாட்டினம் ஆனது. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் 1992, 1993, 1994, 1997 ஆகிய ஆண்டுகளில் சிறந்த குரல் குழு விருதை அவர்களுக்குத் தந்தது. 1998இல் கிராண்ட் ஓல் ஆப்ரியில் உறுப்பினர்களானார்கள். ஆனால் இரண்டாவது முதலிடத்துக்கு அவர்கள் 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் இரண்டாம் இடத்தோடு திரும்பிய பாட்டுகள் பல. அப்போதும் ஆட்களை மாற்றவில்லை. 2022இல் ஜான்சனும் பிரவுட்டும் விலகும்வரை அந்த ஆறு பேர் அப்படியே இருந்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல். கன்ட்ரி இசையில் மட்டுமல்ல, எந்த இசையிலும் இது அபூர்வம்.

சரி, முதன்முறை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'மீட் இன் த மிடில்' பாட்டை முதலில் கதைக்காக மட்டும் கேளுங்கள். ஆங்கிலம் எளிமையானது, வேலிக்காலும் பைன் மரமும் காதில் விழுந்தால் போதும். அடுத்த தடவை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பல்லவிகளில் மேல்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாம் தடவை குரல்களை விட்டுவிட்டு, வரிகளுக்கு இடையே கிதார் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு அதே ஆல்பத்தில் 'போல்ட்ரி ப்ராமனாட்' என்று குரலே இல்லாத, வாத்தியங்கள் மட்டும் பேசும் உருப்படி ஒன்று இருக்கிறது. அதைப் போடுங்கள். வெளியாட்கள் வேண்டாம் என்று டிம் டுபாய்ஸிடம் அவர்கள் எந்தத் தைரியத்தில் கேட்டார்கள் என்பது அதில் கேட்கும்.